மாத்திப் பார்த்துடலாம்

“மாத்திப் பார்த்துடலாம் சார்.”

இந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு இப்போதெல்லாம் இரத்த அழுத்தம் ஏறுகிறது. ஃபிரிட்ஜ் பார்க்க வருபவர், தண்ணீர் மோட்டார் பார்க்க வருபவர், ஏன், சில டாக்டர்கள்கூட (அவர்களை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்கிறேன்) எல்லோர் வாயிலும் இதே மந்திரம்தான். எது கெட்டுப்போயிருக்கிறது என்று கண்டுபிடிக்கிற பேச்சே கிடையாது. ஒன்றைக் கழற்று, புதிதாய் ஒன்றைப் போடு. ஓடினால் “பார்த்தீங்களா!” ஓடாவிட்டால் அடுத்ததைக் கழற்று. இதற்குப் பெயர் ரிப்பேர் அல்ல. அடுத்தவன் காசில் ஆடுகிற சீட்டாட்டம்.

நான் கோபப்படக் காரணம் இருக்கிறது. சொல்கிறேன்.

என் தங்கை மகன் மீன் வண்டி ஓட்டுகிறான். பதினாறு வருஷம் ஆன டீசல் பிக்கப், மூன்றாம் கையாக வாங்கியது. விடிகாலையில் தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் ஐஸ் போட்ட மீன் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு விழுப்புரம், திண்டிவனம் என்று கொண்டுபோய்ச் சேர்ப்பான். ஏழு மணிக்குள் போய்ச் சேர்ந்தால் அது மீன். ஒன்பது மணிக்குப் போனால் கருவாட்டு விலை. அவ்வளவுதான் அந்தத் தொழில்.

புரட்டாசி முடிந்து மீனுக்குக் கிராக்கி ஏறுகிற சமயம் பார்த்து வண்டி மக்கர் பண்ண ஆரம்பித்தது. சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டார் முனகி முனகிச் சுற்றும். சில நாள் ‘டக்’ என்று ஒரே சத்தம், அதோடு சரி. என்னிடம் வந்து சொன்னான். நானும் பெரிய மனுஷன் தோரணையில், “பேட்டரிதான்டா, மாத்திடு” என்றேன். ஆமாம், முதல் குற்றவாளி நான்தான். மூவாயிரம் கைமாற்றும் கொடுத்தேன். பழைய பேட்டரியை எடைக்குப் போட்டுப் புதுசு வாங்கினான். 6,800 ரூபாய். நாலு நாள் நன்றாக இருந்தது. ஐந்தாம் நாள் பழைய முனகல்.

அடுத்து செல்ஃப் மோட்டாரைக் கழற்றினார்கள். கார்பன், புஷ், சாலனாய்டு எல்லாம் புதுசு, ஆர்மேச்சருக்கும் வேலை. 5,200 ரூபாய். இதற்கு அவன் மனைவியின் வளையல் அடகுக் கடைக்குப் போனது. ஒரு வாரம் ஓடியது. மறுபடியும் ‘டக்.’ பிறகு சாவி ஸ்விட்ச், 900. இதற்கு நடுவில் ஆக்சிலரேட்டர் கேபிள் வேறு இரண்டு தடவை இறுகிக்கொண்டது. தடவைக்கு 450. ஆக மொத்தம் 13,800 ரூபாய் போட்டும் வண்டி தள்ளித்தான் ஸ்டார்ட் ஆகிறது. மேட்டில் நிறுத்தினால் உருட்டி எடுத்துவிடலாம்தான். பாண்டிச்சேரியில் மேட்டுக்கு எங்கே போவது? லோடு ஏற்றி முடிகிற வரைக்கும் இஞ்சினை அணைக்காமல் ஓடவிட்டு டீசலை எரித்துக்கொண்டிருந்தான்.

ஒருநாள் கிளியனூர் பக்கம் டீ குடிக்க நிறுத்தியவன் பழக்கதோஷத்தில் சாவியைத் திருப்பி அணைத்துவிட்டான். ஒரு டன் லோடோடு நிற்கிற வண்டியை நாலு பேர் தள்ளினாலும் நகருமா? மாற்று வண்டி பிடித்து, பெட்டிகளை மாற்றி ஏற்றி, திண்டிவனம் போய்ச் சேரும்போது மணி ஒன்பதரை. ஐஸ் பாதி தண்ணீர். வியாபாரி பாதி விலைதான் கொடுத்தார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்தவன், “வண்டிய வித்துடறேன் மாமா” என்றான். அதற்குமேல் பேசவில்லை.

அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் மெக்கானிக் இல்லை. முப்பத்து நாலு வருஷம் அரசாங்கத்தில் எழுத்தராய் இருந்து, கோப்புகளைத் தள்ளி ஓய்வு பெற்றவன். ஆனால் சின்ன வயதில் படித்தது பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில். அங்கே பௌதிகம் சொல்லிக் கொடுத்த முசியே ஒருவர் இருந்தார். விடைத்தாளில் வெறுமனே 12 என்று எழுதினால், “பன்னிரண்டு என்ன, உருளைக்கிழங்கா?” என்று கேட்பார். வோல்ட் என்று எழுதாவிட்டால் பூஜ்யம். அளந்து பார்க்காமல் ‘கரண்ட் இல்லை’ என்று சொன்னாலும் பூஜ்யம்தான். இந்த வயதில் அந்தப் பூஜ்யம் எனக்கு ஞாபகம் வந்தது. பேட்டரியை மாற்றச் சொன்னேனே, அளந்தேனா?

ரேடியோ பைத்தியமாய் இருந்த காலத்தில் வாங்கிய மல்டிமீட்டர் ஒன்று பரணில் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை அதைத் தட்டித் துடைத்து, வண்டியைத் தெருவில் நிறுத்தி, இரண்டு பேரும் இறங்கினோம்.

நடந்ததைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் பழைய வண்டி இருக்கும், அல்லது பழைய வண்டி வைத்திருக்கும் பிள்ளை இருப்பான்.

முதலில் மீட்டர்கூட வேண்டாம். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு சாவியைத் திருப்பச் சொன்னேன். வெளிச்சம் அப்படியே செத்து மங்கினால் பேட்டரியில் தெம்பு இல்லை, அல்லது செல்ஃப் மோட்டார் இறுகிக்கொண்டு கரண்டை விழுங்குகிறது. வெளிச்சம் ஒரேயடியாக அணைந்துபோனால் பேட்டரி முனையிலேயே பிடிப்பு இல்லை. வெளிச்சம் கொஞ்சமும் குறையாமல், மோட்டாரும் அசையாமல் இருந்தால் கரண்ட் மோட்டாருக்கே போகவில்லை. சாவி ஸ்விட்ச், ரிலே, சாலனாய்டுக்குப் போகிற சின்ன வயர், இவற்றைப் பார்க்க வேண்டும். எங்கள் வண்டியில் மோட்டார் முனகியது, ஆனால் லைட் ஏறக்குறைய பிரகாசமாகவே எரிந்தது. அப்போதே எனக்கு உறைத்தது, 6,800 ரூபாய் வீண்.

அடுத்து மீட்டர். ராத்திரி முழுக்க நின்ற வண்டியின் பேட்டரியில் 12.6 வோல்ட். அதற்கு மேல் ஒரு பேட்டரியிடம் எதிர்பார்க்க முடியாது. 12.2 என்றால் பாதி காலி என்று அர்த்தம். செல்ஃப் அடிக்கும்போது 11.3-க்கு இறங்கியது. பத்துக்குக் கீழே சரிந்தால்தான் கவலைப்பட வேண்டும். பேட்டரி குத்துக்கல்லாட்டம் இருக்கிறது!

இனிமேல்தான் முக்கியமான அளவு. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் ஈயக் குமிழின் மேலேயே வைத்தேன். மேலே மாட்டியிருக்கிற கிளாம்பில் அல்ல. இன்னொரு முனையை இஞ்சினின் வெறும் இரும்பில் அழுத்தினேன். “இப்ப அடிடா.” இரண்டுக்கும் நடுவே நல்ல எர்த் இருந்தால் மீட்டர் அரை வோல்ட்கூடக் காட்டக் கூடாது. காட்டியது 4.2.

மீட்டர் தப்போ என்று இன்னொரு தடவை வைத்தேன். அதே 4.2. பிளஸ் பக்கம் பேட்டரியிலிருந்து செல்ஃப் மோட்டார் வரைக்கும் அளந்தால் 0.3, அதில் குற்றமில்லை. அதாவது 11.3 வோல்டில் 4.2-ம் 0.3-ம் வழியிலேயே போய், மோட்டாருக்குக் கிடைத்தது 6.8 மட்டும். பாதிச் சாப்பாடு போட்டுவிட்டு முழு வேலை கேட்டால் யார் செய்வான்? பிறகு மைனஸ் பக்கத்தைத் துண்டு துண்டாக அளந்தோம். பேட்டரியிலிருந்து சேசிஸ் வரை 0.1. சேசிஸிலிருந்து இஞ்சின் வரை 4.1. திருடன் அங்கேதான் இருந்தான்.

இஞ்சின் ரப்பர் கட்டைகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. சேசிஸோடு இரும்புக்கு இரும்பு தொடுவதில்லை. இரண்டையும் இணைப்பது பின்னல் போட்ட ஒரு செம்புப் பட்டை. எர்த் பட்டை என்பார்கள். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தான். பட்டையின் பின்னல் பாதிக்குமேல் இற்றுப்போயிருந்தது. போல்ட்டைச் சுற்றிப் பச்சையும் வெள்ளையுமாய்ப் பூத்திருந்தது. எத்தனை வருஷம் மீன் பெட்டியிலிருந்து உப்புத் தண்ணீர் ஒழுகியிருக்கும்! கடல் காற்று வேறு. ஜம்பர் கேபிள் ஒன்றைப் பேட்டரி மைனஸிலிருந்து நேராக இஞ்சினுக்குக் கொடுத்து சாவியைத் திருப்பச் சொன்னேன். ஒரே உதறலில் இஞ்சின் பிடித்துக்கொண்டது. அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அழுதானா சிரித்தானா என்று எனக்குத் தெரியவில்லை, நான் மீட்டரை மடித்துக்கொண்டிருந்தேன்.

புது எர்த் பட்டை 220 ரூபாய். இரும்பைச் சுரண்ட உப்புத்தாள் பத்து ரூபாய்.

ஆக்சிலரேட்டர் கேபிள் கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் ஆத்திரம் பாதி அதில்தான் இருக்கிறது. பட்டை இற்றுப்போனதும் செல்ஃப் மோட்டாரின் கரண்ட் திரும்பிப் போக வேறு வழி தேடும். இஞ்சினையும் பாடியையும் தொட்டுக்கொண்டிருக்கிற இரும்பு வேறு எது? ஆக்சிலரேட்டர் கேபிள்! 150 ஆம்பியர் போகிறது என்று வைத்துக்கொண்டால், நாலு வோல்ட் தொலைகிற இடத்தில் 600 வாட் சூடு. ஒரு சின்ன இஸ்திரிப் பெட்டியை அங்கே ஒளித்து வைத்தது மாதிரி. அந்தச் சூட்டில் ஒரு பங்கு கேபிளுக்குப் போனாலே உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் குழாய் உருகிக் கேபிள் இறுகத்தான் செய்யும். உருகிய கேபிளைக் கையில் பிடித்துப் பார்த்தவர்கள் இரண்டு தடவையும் ‘மட்டமான சரக்கு’ என்று வீசியெறிந்துவிட்டு இன்னொன்றை மாட்டினார்கள். இது ஏன் உருகியது என்று ஒருவரும் கேட்கவில்லை. பதில் கையிலேயே இருந்தது ஐயா!

இன்னொன்று. பேட்டரி மாற்றியதும் நாலு நாள் ஓடியதே, மோட்டார் மாற்றியதும் ஒரு வாரம் ஓடியதே, அது எப்படி? புது பேட்டரியின் கூடுதல் தெம்பு கொஞ்ச நாள் சமாளித்தது. மோட்டாரைக் கழற்றி மாட்டும்போது அக்கம்பக்கத்து வயர்களை அசைத்ததில் துரு கொஞ்சம் உரசிப் போயிருக்கும். மாற்றிப் பார்க்கிற வைத்தியத்தின் பெரிய மோசடி இதுதான். தப்பான மருந்துக்கும் நாலு நாள் காய்ச்சல் விட்டுவிடுகிறது. விட்டதும் நாம் டாக்டரைக் கும்பிட்டுக் காசைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம்.

‘எர்த் வயரை நாங்களும் செக் பண்ணினோமே’ என்றார்கள். எப்படி? மீட்டரில் பீப் சத்தம் வைத்து. பின்னலில் ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் பீப் என்றுதான் சொல்லும். டெஸ்ட் லேம்ப்பும் எரியும். சின்ன பல்புக்கு வேண்டிய கரண்டுக்கு அந்த ஓர் இழை போதும். செல்ஃப் மோட்டார் கேட்பது அதைப்போல நூறு மடங்குக்கும் மேலே. நூறு பேர் வரிசையில் நிற்கிற சந்தில் ஒரு ஆள் நுழைந்து வந்துவிட்டதால் சந்து அகலம் என்று சொல்லலாமா? வேலை வாங்கிக்கொண்டே அளக்க வேண்டும். சும்மா இருக்கும்போது எல்லா வயரும் நல்ல வயர்தான். சில ஊழியர்களைப் போல.

‘எர்த்’ என்கிற சொல்லே பாதிக் குழப்பத்துக்குக் காரணம் என்று எனக்கு ஒரு எண்ணம். என் தங்கை மகன், “வண்டிதான் ரப்பர் டயர்ல நிக்குதே, அதுக்கு எர்த் எங்க மாமா?” என்று கேட்டான். நியாயமான கேள்வி. வீட்டுக்கு மண்ணில் புதைக்கிற எர்த்துக்கும் வண்டியின் எர்த்துக்கும் சம்பந்தமில்லை. நான் பிரெஞ்சில் படித்ததால் எனக்கு அந்தக் குழப்பம் வந்ததில்லை. மண்ணுக்குப் போவதை அவர்கள் ‘தேர்’ என்பார்கள், வண்டியின் இரும்பு உடம்பு வழியாகத் திரும்புவதை ‘மாஸ்’ என்பார்கள். வேறு வேறு சொல். கரண்ட் பேட்டரியை விட்டுப் போனால் மட்டும் போதாது, உடம்பு வழியாக வீடு திரும்ப வேண்டும். போகிற பாதையை எல்லோரும் பார்க்கிறார்கள். திரும்புகிற பாதையைப் பார்க்க ஆள் இல்லை.

அலுவலகத்தில் இதைத்தான் நாங்கள் வேலையாகவே செய்தோம். ஒரு பென்ஷன் கோப்பு நகரவில்லை என்று யாராவது பாவப்பட்டவர் வந்து நின்றால், கெட்டிக்கார எழுத்தர் பதிவேட்டை எடுத்துக்கொண்டு மேஜை மேஜையாகப் போவார். இங்கே வந்தது, அங்கே போனது, இந்த மேஜையில் உள்ளே வந்த தேதி இருக்கிறது, வெளியே போன தேதி இல்லை. அப்படியானால் கோப்பு இங்கேதான். சோம்பேறி எழுத்தர் என்ன சொல்வார்? “புதுசா ஒரு மனு எழுதிக் கொடுங்க.” மறுபடியும் மனு, மறுபடியும் நகல், மறுபடியும் கையெழுத்து. அந்தப் புது மனுவும் போய் அதே மேஜையில் அதே அடுக்கில் படுத்துக்கொள்ளும். மீட்டர் வைத்து 0.1, 4.1 என்று துண்டு துண்டாகப் பார்த்தபோது எனக்கு அந்தப் பதிவேடுதான் ஞாபகம் வந்தது. சர்வீஸில் இருந்தபோது நான் எந்த வகை எழுத்தர் என்று கேட்காதீர்கள். இரண்டும்தான்.

நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும், அந்தக் கால அம்பாசடரில் இரும்புக் கைப்பிடி ஒன்று இருக்கும். பேட்டரி காலை வாரினால் டிரைவர் அதை முன்னால் சொருகி ஒரு சுழற்றுச் சுழற்றுவார். அமெரிக்காவில் 1912-லேயே கெட்டரிங் என்பவர் காடில்லாக் காருக்கு எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டர் போட்டுவிட்டார் என்றாலும் நம் ஊரில் கைப்பிடி ரொம்ப நாள் துணைக்கு இருந்தது. இன்று அது இல்லை. வயர்தான் கதி. அப்படியானால் வயரைப் பார்க்கத் தெரிய வேண்டாமா?

இந்தக் கோபத்தை எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு எங்கள் பேட்டை ஆட்டோ எலக்ட்ரீசியனிடமே போனேன். நல்ல மனிதர், கைவேலை தெரிந்தவர். பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்:

“ஐயா, நீங்க சொன்ன டெஸ்ட் எனக்கும் தெரியும். அரை மணி நேரம் உக்காந்து பாத்து, ‘பட்டைதான், 220 ரூபா’ன்னு சொன்னா எனக்கு எவ்ளோ குடுப்பீங்க?”

நான் யோசித்தேன்.

“அம்பது ரூபா குடுப்பாங்க ஐயா. சும்மா பாத்ததுக்கு எதுக்குக் காசும்பாங்க. அதே செல்ஃப் மோட்டார மாத்தினா கூலி ஆயிரம், வாய் பேசாம குடுக்கறாங்க. அட்டப்பொட்டில வந்தாதான் ஜனத்துக்கு நம்பிக்கை.”

எனக்கு வாய் அடைத்துப்போயிற்று. அவர் சொன்னது முழு நியாயம் என்று நான் ஒப்புக்கொள்ளவில்லை. தெரிந்தும் செய்யாமல் விட்டதற்கு ஒரு வீட்டு வளையல் அடகுக்குப் போயிருக்கிறது. அது திரும்பி வர நாலு மாதம் ஆனது, வட்டியோடு. ஆனால் அவர் சொன்னதில் என் பங்கும் உங்கள் பங்கும் இருக்கிறது. டி.வி. பார்க்க வந்த பையன் பின்னால் ஒரு வயரை அழுத்திவிட்டு இருநூறு கேட்டபோது நான் எப்படிக் கத்தினேன் என்று என் மனைவி இன்னும் சொல்லிக் காட்டுகிறாள். அவன் ஒரு போர்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போய், மறுநாள் அதையே கொண்டுவந்து மாட்டிவிட்டு இரண்டாயிரம் கேட்டிருந்தால் பேசாமல் கொடுத்திருப்பேன். கண்டுபிடிப்புக்குக் காசு இல்லை, பொருளுக்குத்தான் காசு என்று நாம்தான் சட்டம் போட்டோம். அவர்கள் அந்தச் சட்டப்படி நடக்கிறார்கள்.

அதனால் இனிமேல் இப்படிக் கேளுங்கள் என்கிறேன். “மாத்திப் பார்த்துடலாம்” என்றால், “எவ்வளவு காட்டுது?” என்று கேளுங்கள். எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரைக்கும், செல்ஃப் அடிக்கும்போதா அடிக்காதபோதா, எத்தனை வோல்ட்? எண் இல்லாமல் எந்தப் பாகத்தையும் கழற்ற விடாதீர்கள். எண் சொல்கிறவருக்கு, அந்த எண்ணுக்காகவே கேட்ட கூலியைக் கொடுங்கள். நீங்களே அளப்பதானால் கியர் நியூட்ரலில் இருக்கட்டும், ஹேண்ட்பிரேக் போட்டிருக்கட்டும். மீட்டரை வோல்டில் வையுங்கள், ஆம்பியரில் வைத்தால் மீட்டர் போய்விடும். ஜம்பர் கேபிளின் கடைசி முனையை இஞ்சினில் மாட்டுங்கள், பேட்டரிக்குப் பக்கத்தில் பொறி பறக்கக் கூடாது. எதைக் கழற்றினாலும் பேட்டரியின் மைனஸை முதலில் கழற்றுங்கள்.

வண்டி இன்னும் ஓடுகிறது. என் மீட்டரை அவன் எடுத்துக்கொண்டு போய்விட்டான். ரிமோட்டுக்குள் இருக்கிற பென்சில் பேட்டரி வரைக்கும் அளந்துகொண்டிருக்கிறான் என்று தங்கை குறைப்படுகிறாள்.

போன மாதம் வண்டியில் பின்விளக்கு எரியவில்லை. அந்த எலக்ட்ரீசியனையே கூப்பிட்டோம். மீட்டரை வைத்து அரை மணி நேரம் ஒவ்வொரு இடமாய்ப் பார்த்தார். ஃபியூஸ் பெட்டியில் ஒரு முனை தளர்ந்திருந்தது. இடுக்கியால் அழுத்தினார், எரிந்தது. ஒரு பொருளும் மாற்றவில்லை. “முந்நூறு குடுங்க” என்றார். தங்கை மகன் என்னைப் பார்த்தான். நான் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் பேச்சு நடந்தது. கடைசியில் இருநூற்றைம்பது கொடுத்தான்.